தாரிவால்: கால்வாய்க்கரையில் ஒரு கம்பளி ஆலையின் நூற்றாண்டு

பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில், பட்டாலாவுக்கும் குர்தாஸ்பூருக்கும் நடுவே இருக்கிறது தாரிவால். அமிர்தசரஸிலிருந்து பதான்கோட் போகும் ரயில் பாதையில் ஒரு நிலையம். ஊரை ஒட்டி மேல் பாரி தோவாப் கால்வாய் ஓடுகிறது. வட இந்தியக் குளிரில் வளர்ந்த முந்தைய தலைமுறைக்கு இந்த ஊரின் பெயரே ஒரு துணியின் பெயர். கம்பளிப் போர்வை, தோளில் போர்த்தும் லோயி, கோட்டுத் துணி, ஸ்வெட்டர் பின்னும் நூல் எனக் குளிர்காலப் பெட்டிக்குள் போகும் பொருள்களில் தாரிவால் சரக்குக்குத் தனி மதிப்பு இருந்தது. அவை அனைத்தும் 1880இல் இந்த ஊரில் தொடங்கிய ஒரே ஆலையிலிருந்து வந்தவை.

அந்த ஆலை இன்று ஓடவில்லை. தறிகள் நின்றுபோயின. சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவந்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுவோர் அவரவர் சார்புக்கேற்ப ஒரு காரணம் சொல்வதுண்டு. அரசுடைமையாக்கியதால் கெட்டது என்பார் ஒருவர். செயற்கை இழை வந்து கொன்றது என்பார் இன்னொருவர். பழைய எந்திரம், எல்லைப்புற மாவட்டம், பஞ்சாபின் கலவர ஆண்டுகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு ஆலை நூறு ஆண்டு நின்றதற்கும் பிறகு விழுந்ததற்கும் சேர்த்து விடை சொல்ல இவற்றில் எதனாலும் முடியவில்லை. அந்த விடையை ஆலையின் பிறப்பிலிருந்தே தேட வேண்டும் என்பதும், தாரிவாலின் ஆலையைப் பற்றிய பெரிய முடிவுகள் தாரிவாலுக்கு வெளியிலேயே எடுக்கப்பட்டன என்பதே அதன் வரலாற்றின் நடுநரம்பு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நீர், படை, ரயில்

ராவி நதியின் நீரை மாதோபூரில் திருப்பி, ராவிக்கும் பியாஸுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குக் கொண்டுபோவது மேல் பாரி தோவாப் கால்வாய். இந்த யோசனை ஆங்கிலேயருக்கு முந்தியது. ஷாஜகான் காலத்தில் அலி மர்தான் கான் ராவி நீரை லாகூரின் ஷாலிமார் தோட்டத்துக்குக் கொண்டுபோக வெட்டிய ஹஸ்லி கால்வாய் இதே நிலத்தின் வழியாகத்தான் சென்றது. 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கில அரசு, கலைக்கப்பட்ட சீக்கியப் படையின் வீரர்கள் மீண்டும் வாளெடுக்காமல் ஏரைப் பிடிக்க வேண்டும் என்று விரும்பியது. அந்தக் கணக்கும் சேர்ந்துதான் புதிய பெருங்கால்வாய் வெட்டப்பட்டு 1859இல் திறக்கப்பட்டது.

மலையடிவார நிலத்தில் சரிவு அதிகம். தண்ணீரை அதன் போக்கில் விட்டால் கரையை அறுத்துவிடும். ஆகவே படிப்படியாக நீரை இறக்கும் வீழ்ச்சிகளைக் கட்டினார்கள். அந்த வீழ்ச்சிகளில் மாவரைக்கும் சக்கரங்கள் சுழன்றன. ஒரு தொழிற்சாலைக்குத் தேவையான விசையும் கழுவுநீரும் ஒரே இடத்தில் கிடைக்கும் வாய்ப்பு அங்கே இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் தொலைவில் வங்காளப் பக்கம் இருந்த காலத்தில் இது பெரிய வசதி. 1880இல் ஆலை எழுந்தபோது அதற்குச் சூட்டப்பட்ட பெயர், அப்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த சர் ராபர்ட் எகர்ட்டனுடையது. எகர்ட்டன் உல்லன் மில்ஸ் என்றும் பின்னர் நியூ எகர்ட்டன் உல்லன் மில்ஸ் என்றும் அது ஏடுகளில் நின்றாலும், மக்கள் வாயில் அது தாரிவால் மில்தான்.

நீர் இருந்தால் போதுமா? வாங்க ஆள் வேண்டும். 1878 முதல் 1880 வரை ஆங்கில-இந்தியப் படை ஆப்கானிஸ்தானில் போரிட்டது. வடமேற்கு எல்லையில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கடும் குளிரில் காவல் நின்ற காலம் அது. போர்வை, மேலங்கி, காலில் சுற்றும் பட்டி ஆகியவற்றை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைப்பது செலவும் தாமதமும் பிடித்த வேலை. இதே தேவையை நம்பித்தான் 1876இல் கான்பூரில் ஒரு கம்பளி ஆலை தோன்றியிருந்தது. பின்னாளில் லால் இம்லி என்று நாடறிந்த ஆலை அது. பாசறைகளுக்கும் எல்லைக்கும் அதைவிட மிக அருகில் இருந்தது தாரிவால். ஆலை வந்து நான்கே ஆண்டுகளில், 1884இல், அமிர்தசரஸ்-பதான்கோட் ரயில் பாதையும் திறக்கப்பட்டது. சரக்கு போகவும் மூலப்பொருள் வரவும் வழி பிறந்தது.

கம்பளியை அறிந்த கைகளும் இந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் காஷ்மீரை விட்டு வெளியேறிய சால்வை நெசவாளர்கள் அமிர்தசரஸ், லூதியானா, நூர்பூர் ஆகிய ஊர்களில் குடியேறினார்கள். அவர்களுடைய சால்வைகளை விரும்பி வாங்கியது பிரான்ஸ். 1870-71இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிக்கொண்டபோது அந்தச் சந்தை உடைந்தது. அதன்பின் பழையபடி எழவே இல்லை. சம்பா, காங்ரா மலைகளில் ஆடு மேய்க்கும் கத்தி என்னும் சமூகத்து இடையர்கள் குளிர்காலத்தில் இந்த அடிவாரத்துக்குத்தான் மந்தையை இறக்கிவருவார்கள். ஆக, ஆட்டுரோமமும் கைத்தொழிலும் சந்தை அனுபவமும் ஏற்கெனவே இருந்த நிலத்தில்தான் ஆலை வந்து அமர்ந்தது. ஆனால் அந்த நிலத்தின் தேவையைக் கேட்டு அது வரவில்லை. படையின் தேவைதான் அதை அங்கே கொண்டுவந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

ரோமம் துணியாகும் வழி

பருத்தி ஆலைகளைப் பார்த்துப் பழகிய நமக்குக் கம்பளி ஆலையின் வேலை சற்று அந்நியமானது. அதைத் தெரிந்துகொண்டால்தான் அங்கே எவ்வளவு திறமை குவிந்திருந்தது என்பது புலப்படும்.

ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமம் அழுக்கும் கொழுப்பும் வியர்வை உப்பும் முள்ளும் கலந்த ஒரு பொதி. முதலில் அனுபவமுள்ள கைகள் அதைத் தரம் பிரிக்க வேண்டும். ஒரே ஆட்டின் தோள்பட்டை ரோமமும் தொடை ரோமமும் ஒரே தரமாக இருப்பதில்லை. பிறகு வெந்நீரிலும் சோப்பிலும் பல தொட்டிகளில் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கழுவி முடிக்கும்போது எடை வெகுவாகக் குறைந்திருக்கும். சில ரகங்களில் பாதியளவுகூட மிஞ்சாது. இந்தக் கழுவலுக்கும் பின்னால் வரும் சாயத்துக்கும் கொள்ளை கொள்ளையாகத் தண்ணீர் வேண்டும். விசைக்கு மின்சாரம் வந்துவிட்ட பிறகும் கம்பளி ஆலையைக் கால்வாயிலிருந்து பிரிக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து இரண்டு பாதைகள். முள்சுருள்களின் நடுவே ரோமத்தைச் சிக்கெடுத்து, இழைகள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும்படியே நூற்பது ஒன்று. காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இந்த உப்பலான நூலில்தான் போர்வையும் ட்வீடும் லோயியும் நெய்வார்கள். நீள இழைகளை மட்டும் சீவி எடுத்து, ஒரே திசையில் படியவைத்து, முறுக்கி நூற்பது மற்றொன்று. மழமழப்பான கோட்டுத் துணிக்கு அது. உள்நாட்டு ரோமத்தில் பெரும்பகுதி கம்பள விரிப்புக்கு ஏற்ற முரட்டு ரகம். அதனால் மெல்லிய துணிக்கு ஆஸ்திரேலிய மெரினோ ரோமத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

தறியிலிருந்து இறங்கியதோடு கம்பளித் துணி முடிந்துவிடுவதில்லை. சோப்பு நீரில் நனைத்து, அடித்து, அமுக்கி, இழைகள் ஒன்றையொன்று கவ்விச் சுருங்கும்படி செய்ய வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதைத் துணியைத் தொட்டே சொல்லும் ஆட்கள் வேண்டும். கொஞ்சம் கூடினால் துணி கெட்டியாகி வீணாகும். குறைந்தால் குளிர் உள்ளே புகும். பிறகு மேற்பரப்பில் இழை எழுப்புவது, சமமாக வெட்டுவது, நீராவியில் படியவைப்பது என்று வரிசை நீளும். இந்த அறிவு எந்திரத்தோடு வருவதில்லை. தந்தை வேலை பார்த்த பிரிவிலேயே மகனும் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றது அது. ஆலை நின்றுபோனால் முதலில் அழிவது இதுதான். எந்தச் சொத்து மதிப்பீட்டிலும் இதற்கென்று ஒரு வரி இருப்பதில்லை.

கான்பூரின் குடையின் கீழ்

1854இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்து, காகித ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறியவர் அலெக்சாண்டர் மெக்ராபர்ட். 1884இல் கான்பூர் கம்பளி ஆலையின் மேலாளராக இந்தியா வந்தார். முதல் உலகப் போர் அவருடைய தொழிலைப் பல மடங்கு பெருக்கியது. 1914 இலையுதிர்காலத்தில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியச் சிப்பாய்கள் வெப்ப நாட்டுக்குரிய மெல்லிய காக்கியில் இருந்தார்கள். ஐரோப்பியக் குளிருக்கு அவர்களை உடுத்த வேண்டிய நெருக்கடியில், இந்தியாவின் கம்பளி ஆலைகள் பெருமளவு படைக்காகவே உழைத்தன.

போர் முடிந்தபின், 1920இல், மெக்ராபர்ட் ஆறு நிறுவனங்களை ஒன்றாக்கி பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனை அமைத்தார். கான்பூர் கம்பளி ஆலை, கான்பூர் பருத்தி ஆலை, தோல் பதனிடும் ஆலை, கூப்பர் ஆலன் காலணித் தொழிற்சாலை, ஒரு பொறியியல் நிறுவனம் ஆகியவற்றோடு தாரிவால் ஆலையும் அதில் அடங்கியது. பெயர்களைப் பார்த்தாலே இது யாரை நம்பிய வணிகம் என்று தெரியும். சிப்பாயின் தலை முதல் கால் வரை என்ன வேண்டுமோ அதெல்லாம் இந்தக் குழுமத்தில் கிடைத்தது. கான்பூர்தான் தலைமையகம். எந்திரம் வாங்குவதா, எந்த ரகத்தை எந்த ஆலையில் நெய்வது, லாபத்தை எங்கே போடுவது என்ற முடிவுகள் அன்றிலிருந்து தாரிவாலின் கையில் இல்லை.

இதன் நன்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய குழுமத்தின் முதலீடும் ஆணைகளும் இல்லாமல் அந்த அளவுக்கு ஓர் ஆலை ஒரு சிற்றூரில் நின்றிருக்க முடியாது. ஆலையைச் சுற்றிக் குடியிருப்புகள் எழுந்தன, கடைத்தெரு வளர்ந்தது. சால்வேஷன் ஆர்மி நடத்தும் மருத்துவமனை இன்றும் மெக்ராபர்ட் பெயரைத் தாங்கி அந்த ஊரில் இருக்கிறது. ஆலைச் சங்கு ஊதும் நேரமே ஊருக்கு நேரம் என்னும் வாழ்க்கையில் நிலையான மாதச் சம்பளமும் இருந்தது. விளைச்சலை நம்பியிருந்த மாவட்டத்தில் அது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் செல்வம் சேர்ந்த இடம் வேறு. மெக்ராபர்ட் 1922இல் பாரனெட் பட்டம் பெற்று, அதே ஆண்டில் காலமானார். அவருடைய மூன்று மகன்களும் விமானிகளாகி இளமையிலேயே மாண்டார்கள். ஒருவர் 1938இல் விபத்தில், இருவர் 1941இல் போரில். தாய் ரேச்சல் மெக்ராபர்ட் மகன்களின் நினைவாக ஒரு குண்டுவீச்சு விமானம் வாங்க 25,000 பவுண்டு கொடுத்தார். அந்தத் தாயின் துயரமும் உறுதியும் பிரிட்டனில் இன்றும் நினைக்கப்படுகின்றன. அந்தக் குடும்பச் செல்வத்துக்கு அடிப்படை கான்பூரிலும் தாரிவாலிலும் உழைத்த கைகள் என்பதையும் அதன் பக்கத்தில் வைத்து நினைப்பதுதான் நியாயம்.

எல்லைக்கோடு அருகில் வந்தபோது

நாட்டைப் பிரிக்கும் 1947 ஜூன் 3ஆம் தேதித் திட்டத்தின் தற்காலிகப் பிரிவினையில் குர்தாஸ்பூர் மாவட்டம் மேற்குப் பஞ்சாபின் பட்டியலில் இருந்தது. மக்கள்தொகையில் முஸ்லிம்கள் பாதியைச் சற்றே தாண்டியிருந்தார்கள். எல்லையை வரையறுத்த ராட்கிளிஃப் தீர்ப்பு ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. ராவிக்கு மேற்கே உள்ள ஷகர்கர் வட்டம் மட்டும் பாகிஸ்தானுக்குப் போக, குர்தாஸ்பூர், பட்டாலா, பதான்கோட் வட்டங்கள் இந்தியாவில் நின்றன. சுதந்திரம் வந்த நாளில் தாரிவால் மக்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது உறுதியாகத் தெரியாது. அதைத் தொடர்ந்த வாரங்களில் இம்மாவட்டத்து முஸ்லிம்கள் மேற்கே போனார்கள். மேற்கிலிருந்து இந்துக்களும் சீக்கியர்களும் வந்தார்கள்.

ஆலையின் நிலைமையும் மாறியது. மாதோபூர் தலைமதகு இந்தியாவிலும் கால்வாயின் கீழ்ப்பகுதி பாகிஸ்தானிலும் கிடந்தன. 1948 ஏப்ரலில் அந்த நீரை இந்தியா நிறுத்தியதிலிருந்து தொடங்கிய தகராறு, 1960இன் சிந்து நதி ஒப்பந்தத்தில்தான் தீர்ந்தது. லாகூர் என்னும் பெருநகரச் சந்தை ஒரே நாளில் அயல்நாடாகியது. அதுவரை பஞ்சாபின் நடுப்பகுதி என்று சொல்லத்தக்க இடத்தில் இருந்த தாரிவால் எல்லைப்புற ஊராகிவிட்டது. 1965, 1971 போர்களின் நிழல் அதன்மேல் விழுந்தது. புதிய முதலீட்டாளர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்கியதில் வியப்பில்லை.

பங்குச் சந்தையில் ஓர் ஊரின் பிழைப்பு

தாரிவாலின் கதையில் தமிழகத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி ஒன்று உண்டு. 1950களில் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனின் பங்குகளை வாங்கிக் குவித்தவர் கல்கத்தாவின் ஹரிதாஸ் முந்த்ரா. தொழில் நடத்துவதைவிடப் பங்கு வாங்கி விற்பதில் அவருக்கு நாட்டம் அதிகம். கடன் வாங்கிக் கட்டிய அந்தக் கோட்டை ஆட்டம் கண்டது. 1957 ஜூனில், தொடங்கி ஓராண்டுகூட நிறையாத ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கலக்காமலே அது நடந்தது. அந்த ஆறில் ஒன்று பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன்.

பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் இதை உடைத்துப் பேசினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையிலிருந்து சென்று நாட்டின் நிதியைக் கையாண்ட ஒருவர் பதவியிழந்த இந்த நிகழ்ச்சி, சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் வழக்காகத் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரியும். யார் யாருக்குச் சொன்னார், யார் கையெழுத்திட்டார் என்பதே அன்று பேச்சாக இருந்தது. அந்தப் பங்குப் பத்திரங்களுக்குப் பின்னால் கான்பூரிலும் தாரிவாலிலும் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விசாரணையின் நோக்கில் அது பிழையும் அல்ல. அதன் கேள்வி காப்பீட்டுப் பணம் போன வழியைப் பற்றியது. ஆனால் ஆலை வரலாற்றின் கோணத்தில் பார்த்தால், அந்த ஆண்டுகள்தான் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் நெசவு எந்திரங்கள் வேகமாக மாறிவந்தன. நாடா இல்லாத தறிகள் வந்தன, நூற்பில் வேகம் கூடியது. சேர்த்து வைத்த லாபத்தை எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலத்தில் உரிமையாளரின் கவனம் பங்கு விலையில் இருந்தது. பிறகு வழக்கு மன்றத்தில் இருந்தது.

அரசுடைமையும் அதன் பிறகும்

நலிவு முற்றியபின், 1981 ஜூனில், நடுவண் அரசு பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனின் பங்குகளைக் கையகப்படுத்தி அதைத் தன் உடைமையாக்கியது. ஆயிரக்கணக்கானோரின் வேலையைக் காப்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் உரிமை கைமாறியதே தவிர, முடிவெடுக்கும் இடம் ஊருக்கு அருகில் வரவில்லை. கான்பூரிலிருந்து டெல்லிக்குத் தள்ளிப்போனது. ஜவுளி அமைச்சகம், கான்பூர் தலைமையகம், பிறகுதான் தாரிவால் என்று ஆயிற்று. ஆஸ்திரேலிய ரோமத்தின் விலை ஏறி இறங்கும் சந்தையில் உரிய நேரத்தில் கொள்முதல் செய்யவும், அடுத்த குளிர்காலத்துக்கு எந்த நிறம் விலைபோகும் என்று பார்த்து நெய்யவும் இத்தனை அடுக்குகள் வழிவிடவில்லை.

வெளியே சந்தை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. லூதியானாவின் பின்னலாடைத் தொழில் அக்ரிலிக் நூலுக்கு மாறியது. கம்பளியைவிடப் பல மடங்கு மலிவு. வீட்டிலேயே துவைக்கலாம், பூச்சி அரிக்காது, பளிச்சென்ற நிறம் பிடிக்கும். சோவியத் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்து லூதியானா செழித்தது. 1991இல் அந்த நாடே கலைந்தபோது அங்கேயும் அடி விழுந்தது. ஆனால் சிறுசிறு முதலாளிகள் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பித் தப்பித்தார்கள். ஹரியானாவின் பானிபட்டில் பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து மறுபடி நூற்கும் ஆலைகள் பெருகி, மலிவுப் போர்வைச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. குறைந்த விலைக்கே கொள்முதல் என்னும் ஒப்பந்தப்புள்ளி முறையில், தரமான போர்வை நெய்யும் ஆலை தோற்பது இயல்பு. இதோடு 1980களில் பஞ்சாபைச் சூழ்ந்த வன்முறையில் அமிர்தசரஸ், குர்தாஸ்பூர் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. இரவுப் பணிக்குப் போய் வருவதே அச்சமான காலம் அது.

1992இல் நிறுவனம் நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் போனது. அதன்பின் சீரமைப்புத் திட்டங்கள் வந்தன, திருத்தப்பட்டன, மீண்டும் எழுதப்பட்டன. நிலத்தை விற்று எந்திரம் வாங்கலாம் என்று ஒரு யோசனை, மூடிவிடலாம் என்று ஒரு யோசனை. உறுதியான முடிவு எதுவும் நேரத்தில் வரவில்லை. 2016 இறுதியில் அந்த வாரியமே கலைக்கப்பட்டது. திட்டங்கள் மேசை மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் திறமையானவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போனார்கள். அவர்களிடமிருந்து கற்க இளையவர்கள் யாரும் சேர்க்கப்படவில்லை. மின்விசையை அணைத்த நாளுக்கு வெகு முன்பே ஆலை மூடப்பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

காரணங்களை எடைபோட்டால்

இப்போது அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அரசுடைமைதான் கெடுத்தது என்றால், 1981இல் அரசு எடுத்தபோதே அது நோயாளியாக ஏன் இருந்தது? தனியார் உரிமையின் மோசமான காலம் அதற்கு முந்தியது. அக்ரிலிக்தான் கொன்றது என்றால், அதே காலத்தில் தானேயின் ரேமண்ட் கம்பளித் துணியிலேயே நாடு முழுக்கப் பெயர் பெற்றது எப்படி? அமிர்தசரஸின் ஓ.சி.எம். ஆலை தாரிவாலிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தொலைவில்தான் இருந்தது. எல்லையும் வன்முறையும் அதற்கும் இருந்தன; அது வெகுகாலம் தாக்குப்பிடித்தது. பழைய எந்திரம் என்பதோ காரணம் அல்ல, விளைவு. புதுப்பிக்க வேண்டியவர்கள் ஏன் புதுப்பிக்கவில்லை என்பதே கேள்வி.

இந்தக் கேள்விகளை ஒன்றாக வைத்தால் இரண்டு பதில்கள் துலங்குகின்றன. முதலாவது, ஆலை பிறந்த நாள் முதல் பெரிய கொள்முதலாளி ஒருவரை நம்பியே வளர்ந்தது. படைக்கு நெய்தவரை அடுத்த வீட்டுக்காரர் என்ன உடுத்த விரும்புகிறார் என்று கேட்கும் அவசியம் குறைவாக இருந்தது. கடைச் சந்தையில் நல்ல பெயர் இருந்தும், அந்தப் பெயரைப் புதிய தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் பழக்கம் வளரவில்லை. ரேமண்ட் தன் கடைகளையும் விளம்பரத்தையும் பெருக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் தாரிவால் பழைய பெயரின் வட்டியில் வாழ்ந்தது. இரண்டாவது, ஆங்கில முதலாளி, கல்கத்தா வணிகர், டெல்லி அமைச்சகம் என்று உரிமையாளர்கள் மாறினாலும், ஆலை நின்றால் தன் வீட்டு அடுப்பு நிற்கும் என்ற நிலையில் இருந்த எவருக்கும் முடிவில் குரல் இல்லை. தொழிற்சங்கம் கூலிக்குப் பேசலாம். எந்திரம் வாங்கும் கூட்டத்தில் அதற்கு நாற்காலி கிடையாது.

வேறு ஊர்கள் சொல்வது

அருகிலேயே ஒரு மாற்று வழி நடந்திருக்கிறது. குல்லு பள்ளத்தாக்கில் 1944இல் சில நெசவாளர்கள் சேர்ந்து பூட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தள்ளாடிய சங்கத்தை 1950களில் வேத் ராம் தாக்கூர் மீட்டெடுத்தார். பூட்டிகோ என்ற பெயரில் அதன் சால்வைகள் இன்றும் விற்கின்றன. நெய்பவர்களே உறுப்பினர்கள், கோலத்தையும் நிறத்தையும் அவர்களே அறிவார்கள். தாரிவாலின் அளவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது, கைத்தறி. பேராலையை அப்படியே கூட்டுறவாக மாற்றிவிடலாம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் அதே மலைகளின் அருகே, அதே அக்ரிலிக் யுகத்தில், கம்பளி பிழைத்தது என்பது உண்மை.

கடல் கடந்தால் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபேரிபால்ட் என்னும் சிற்றூர். 1865இல் ஜெர்மனியிலிருந்து வந்த கார்ல் கிளெமர் குதிரையை மிதிக்கவைத்துச் சுழற்றும் எந்திரத்தோடு தொடங்கிய கம்பளித் தொழில், கேனன் ஆற்றங்கரையில் பெரிய ஆலையாகி, இரண்டு உலகப் போர்களிலும் படைக்குப் போர்வை நெய்தது. பல தலைமுறைகளாக உள்ளூர்க் குடும்பத்தின் கையில் இருந்தும் அது 2009இல் மூடப்பட்டது. ஆகவே உள்ளூர் உரிமை மட்டுமே கவசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2011இல், அம்மாநிலத்தைச் சேர்ந்த மூட்டி குடும்பத்தினர் அதை வாங்கித் திறந்தபோது, எந்திரங்கள் இருந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்த பழைய தொழிலாளர்கள் கூப்பிட்டால் வரும் தொலைவில் இருந்தார்கள். தாமதிக்காமல் முடிவெடுத்ததுதான் அந்த ஆலையைக் காப்பாற்றியது.

மூன்றாவது வழி இங்கிலாந்தின் சால்டேர். டைட்டஸ் சால்ட் 1853இல் திறந்த அந்தக் கம்பளி ஆலையும் தொழிலாளர் குடியிருப்பும் ஒரு முழு ஊர். 1986இல் ஆலை நின்றது. அடுத்த ஆண்டே ஜோனதன் சில்வர் கட்டடத்தை வாங்கிக் கலைக்கூடமும் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட இடமாக்கினார். 2001இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அங்கே தறி ஓசை திரும்பவில்லை. ஆனால் ஊர் தன் பெயரையும் பிழைப்பையும் இழக்கவில்லை.

தாரிவாலுக்கு என்ன செய்யலாம்

இந்த மூன்றையும் பார்த்தபின் தாரிவாலைப் பற்றி எனக்குத் தோன்றுவதை வெளிப்படையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முந்தியது தொழிலாளர்களின் பாக்கி. சம்பளமும் ஓய்வுப் பணமும் கருணைத் தொகை அல்ல, செய்துமுடித்த வேலைக்கான கூலி. அதைத் தீர்க்காமல் பாரம்பரியம் பற்றியோ மறுவாழ்வு பற்றியோ பேசுவது முறையாகாது.

அடுத்தது ஆவணம். நூறு ஆண்டுக்கு மேல் ஓடிய ஆலையில் துணி மாதிரி ஏடுகளும் சாயக் குறிப்புகளும் எந்திர வரைபடங்களும் கூலிப் பதிவேடுகளும் சேர்ந்திருக்கும். அவை பழைய காகிதக் கடைக்குப் போகும் முன் பல்கலைக்கழகமோ மாநில ஆவணக் காப்பகமோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய வேண்டும். பஞ்சாபின் தொழில் வரலாறு என்றால் கால்வாயும் கோதுமையும் மட்டுமே நினைவுக்கு வருகிற நிலை இருக்கிறது. அதே கால்வாயின் கரையில் தறி ஓட்டியவர்களுக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு.

மூன்றாவது நிலம். ரயில் நிலையத்துக்கும் கால்வாய்க்கும் அருகில் உள்ள ஆலை வளாகம் மதிப்புமிக்கது. அதை மொத்தமாக ஏலம்விட்டுக் கணக்கை முடிப்பது எளிது. முடிவு மறுபடியும் ஊருக்கு வெளியே எடுக்கப்பட்டதாகவே அது இருக்கும். வளாகத்தின் ஒரு பகுதியிலாவது சிறிய அளவில் கம்பளி பதப்படுத்தும் நிலையம் அமைக்கலாம். மலையிலிருந்து இறங்கும் மந்தைகளின் ரோமத்தைக் கழுவித் தரம் பிரித்து நூற்கும் அளவுக்குப் போதும். அதற்குப் பேராலை தேவையில்லை. ரோமத்துக்கு நியாய விலை கிடைக்காமல் தவிக்கும் இடையர்களுக்கும், செயற்கை இழையின் நுண்துகள்கள் நீரில் கலப்பதை எண்ணி இயற்கை இழைக்குத் திரும்பும் வாங்குவோருக்கும் நடுவில் இன்று ஒரு பாலம் தேவைப்படுகிறது. அது ஓடுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் குழுவில் நகராட்சியும் முன்னாள் தொழிலாளர்களும் இடையர் அமைப்புகளும் உட்கார வேண்டும்.

தாரிவாலின் வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம் கம்பளிக்கு மட்டும் உரியதல்ல. ஓர் ஊரை ஒரே ஆலையின்மேல் நிறுத்தினால், அந்த ஆலையின் தலையெழுத்தை எழுதும் இடத்தில் அந்த ஊருக்கும் ஓர் இருக்கை வேண்டும். தனியார் முதலாளி, பங்கு வணிகர், அரசு என்று மூன்று வகை உரிமையையும் பார்த்துவிட்ட ஊர் அது. நான்காவதாக ஒரு வாய்ப்பு வருமானால், அதில் தாரிவால் மக்களும் பங்காளிகளாக இருக்க வேண்டும்.